மேட்டுக்குள் பொருள் வைத்தவர்கள்

1808இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்த புதைமேடு ஒன்றைத் தோண்டினார்கள். புஷ் பாரோ என்று அதற்குப் பெயர். பணம் கொடுத்தவர் ஸ்டூர்ஹெட் மாளிகைக்காரர் ரிச்சர்ட் கோல்ட் ஹோர். முன்னின்று நடத்தியவர் வில்லியம் கன்னிங்டன் என்ற கம்பளி வணிகர். உள்ளே உயரமான ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடந்தது. மார்பின்மேல் சாய்சதுர வடிவில் மெல்லிய பொன்தகடு, பக்கத்தில் குத்துவாள்கள், மெருகேற்றிய கல்லில் செய்த கதாயுதத்தின் தலை. ஒரு குத்துவாளின் மரப்பிடியில் தலைமுடியைவிட மெல்லிய பொன்னூசிகளை நெருக்கமாகச் செருகிக் கோலம் போட்டிருந்தார்கள். முழுப் பிடியில் ஏறத்தாழ 1,40,000 ஊசிகள் இருந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். அது என்னவென்று கண்ணுக்குப் புலப்படும் முன்பே தோண்டுகரண்டியின் முதல் வீச்சில் ஆயிரக்கணக்கான ஊசிகள் மண்ணோடு சிதறிப் போயின.

பொன் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, ஆகவே இவர் அரசர் அல்லது பெருந்தலைவர் என்று அன்று முதல் எழுதி வந்தார்கள். இந்தக் கட்டுரை அந்த ‘ஆகவே’யைப் பற்றியது. புதைமேட்டுக்குள் கிடைக்கும் பொருள்கள் இறந்தவரைப் பற்றிச் சொல்கின்றனவா, அவற்றை உள்ளே வைத்தவர்களைப் பற்றிச் சொல்கின்றனவா? இருநூறு ஆண்டு அகழாய்வுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், முதல் வாசிப்பு பல இடங்களில் நிலைக்கவில்லை என்பது தெரிகிறது. அதைத் திருத்தும் வாய்ப்பும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. முன்பு தோண்டியவர் எதை எடுத்து வைத்தார், எதை வீசினார் என்பதே அதைத் தீர்மானித்தது.

கன்னிங்டனும் ஹோரும் நானூறுக்கும் மேற்பட்ட மேடுகளைத் திறந்தவர்கள். மேட்டின் நடு உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குழி இறக்குவது அவர்கள் முறை. பொருள்களை எடுத்துக்கொண்டு, எலும்புகளைப் பெரும்பாலும் அங்கேயே போட்டு, தேதி பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்றையும் வைத்து மூடிவிடுவார்கள். அடுத்து வருபவர் ஏமாறக் கூடாது என்ற நேர்மை அந்தத் தகட்டில் இருக்கிறது. ஆனால் நடுக்குழி காட்டுவது மேட்டின் ஒரு துண்டைத்தான். ஒரே மேட்டைப் பல தலைமுறைகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பார்கள். முதல் சடலத்தின் மேல் சின்ன மேடு, சில தலைமுறை கழித்து ஓரத்தில் ஒரு சாம்பல் தாழி, அதன்மேல் இன்னும் மண், பிறகு முற்றிலும் வேறொரு மக்கள் வந்து சரிவில் செய்த அடக்கம். குழி இறக்கியவர் இந்த வரிசையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார். எது முன், எது பின் என்பது அதன்பிறகு யாருக்கும் தெரியாது.

இதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிட் ரிவர்ஸ். 1893, 1894ஆம் ஆண்டுகளில் வோர் பாரோ என்ற புதிய கற்கால நீள்மேட்டை அவர் முழுவதுமாக அகழ்ந்தார். அதைச் சுற்றியிருந்த அகழியைத் திறந்தே விட்டு, சில ஆண்டுகள் கழித்து எவ்வளவு மண் சரிந்து சேர்ந்திருக்கிறது என்று மறுபடியும் அளந்தார். மண் எப்படிச் சரிகிறது என்று தெரியாமல் மண்ணில் கிடக்கும் ஓட்டுச்சில்லின் காலத்தைச் சொல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நெதர்லாந்தில் வான் கிஃபன் இன்னொரு படி போனார். மேட்டை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, இடையே மண்சுவர்களை விட்டு அகழ்ந்தார். அச்சுவர்களில் மேட்டின் முழு வரலாறும் அடுக்கடுக்காகத் தெரியும். 1960இல் வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுனில் ஆய்வாளர்கள் புதிதாகவே ஒரு மண்மேடும் அகழியும் வெட்டினார்கள். உள்ளே துணி, தோல், எலும்பு, மரம் புதைத்து, குறித்த இடைவெளிகளில் வெட்டிப் பார்த்து வருகிறார்கள். மொத்தத் திட்டம் 128 ஆண்டுகளுக்கு. தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே தொடங்கிய இந்த வேலை எனக்குப் பெரிய மதிப்பைத் தருகிறது.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. பிட் ரிவர்ஸுக்கு ஒரு தலைமுறை முன்பே, தக்காணத்தின் ஷோராப்பூர்ப் பகுதியில் மெடோஸ் டெய்லர் என்ற அதிகாரி பெருங்கற்கால ஈமக்குழிகளை அகழ்ந்து, அவற்றின் மண்ணடுக்குகளைக் குறுக்குவெட்டாகவே வரைந்து வைத்தார். 1947இல் பிரம்மகிரியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், டெய்லரின் அந்த வரைபடங்களை மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். ஆனால் பார்வை அவ்வளவு கூர்மையாக இருந்த டெய்லரே, கற்களுக்கு உரியவர்களைத் தேடியபோது கெல்ட்டியர், சித்தியர் என்று தொலைதூர இனங்களிடம் போனார். நீலகிரியின் கற்குவைகளை ஆராய்ந்த காங்கிரீவ் 1847இல் தோடர்களையே சித்தியர் வழிவந்தவர்கள் என்று எழுதினார். கண்டதைச் சரியாகப் பதிவு செய்தவரும் அதற்குப் பொருள் சொல்லும்போது தம் காலத்து ஊகத்துக்குள் போய் நின்றுவிடுகிறார். ஊகம் உதிர்ந்துவிட்டது. டெய்லரின் வரைபடம் இன்றும் பயன்படுகிறது.

பொருள்களுக்கு வருவோம். 1897இல் வட காக்கசஸில் உள்ள மைகோப் நகரில் நிகலாய் வெசிலோவ்ஸ்கி, குர்கான் எனப்படும் பெரிய புதைமேடு ஒன்றைத் திறந்தார். கி.மு. நான்காம் ஆயிரத்தைச் சேர்ந்த செல்வம் மிக்க கல்லறை அது. பொன், வெள்ளிக் குழல்கள் எட்டு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். நான்கில் சிறிய காளை உருவங்கள் கோக்கப்பட்டிருந்தன. வெசிலோவ்ஸ்கி அவற்றைச் செங்கோல் என்றார். பிறகு வந்தவர்கள் சடலத்தின் மேல் பிடித்த விதானத்தின் கால்கள் என்றார்கள். நூறாண்டுக்கும் மேல் இவையே பாடநூல்களில் இருந்தன. 2022இல் சென்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வாளர்கள், குழலின் ஒரு முனையில் இருந்த சல்லடைத் துளைகளுக்குள் படிந்திருந்த எச்சத்தைச் சோதித்தார்கள். பார்லி மாவுத்துகள் கிடைத்தது. பலர் ஒரு பெரிய கலத்தைச் சுற்றி அமர்ந்து பார்லி மது உறிஞ்சும் குழல்கள் இவை என்பது அவர்கள் முடிவு. நீண்ட குழலால் மது உறிஞ்சும் காட்சி சுமேரிய முத்திரைகளில் இருக்கிறது. செங்கோல் என்றால் தனியொருவரின் அதிகாரம். எட்டுக் குழல் என்றால் கூடிக் குடித்த எட்டுப் பேர். ஒரே பொருள்தான், ஆனால் கல்லறையில் நடந்த நிகழ்ச்சியே வேறாகிவிடுகிறது. அருங்காட்சியகத்தில் குழல்களை உட்புறம் வரை பளபளவென்று துலக்கி வைத்திருந்தால் அந்த மாவுத்துகளும் போயிருக்கும்.

வில்ட்ஷயரின் அப்டன் லோவலில் 1801இல் கன்னிங்டன் திறந்த மேடு இதற்கு இணையானது. துளையிட்ட எலும்பு முனைகள் பல, பன்றிக் கோரைகள், மெருகிட்ட கற்கோடரிகள், வகைவகையான கற்கள். எலும்புகளை ஆடையின் விளிம்பில் தைத்திருக்க வேண்டும் என்று கொண்டு, இங்கே கிடந்தவர் ஒரு பூசாரி, ஆவியோடு பேசுபவர் என்று பின்னாளில் எழுதினார்கள். டிவைசிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் கற்களை லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டது. ஐந்து கற்களின் பரப்பில் பொன்துகள் இருந்தது. பொன்தகடு போர்த்திய நகைகளைத் தட்டித் தேய்த்த கருவிகள் அவை. ஆகவே பூசாரி போய்ப் பொற்கொல்லர் வந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. சில கோடரிகள் அந்த மனிதருக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை. பலர் கைமாறி வந்தவை. அவரை ஒரே தொழில்பெயருக்குள் அடைப்பதும் பழைய பிழையின் தொடர்ச்சிதான் என்பது என் கருத்து. கொடுமணலில் ஒரே கல்லறையில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அது மணி செய்த ஊர். அத்தனை மணிகளும் ஒரு செல்வரின் உடைமையா, ஒரு தொழிற்குடி தன்னவருக்குச் சேர்த்து வைத்ததா? எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது.

டென்மார்க்கின் எக்ட்வெட் மேட்டில் சற்று நின்று பார்க்க வேண்டும். 1921இல் ஒரு விவசாயி மேட்டின் மிச்சத்தைச் சமன்படுத்தும்போது ஓக் மரத்தைக் குடைந்த சவப்பெட்டி தட்டுப்பட்டது. அவர் அதை உடைக்காமல் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தகவல் அனுப்பினார். கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். மரவளையக் கணக்குப்படி அந்த மரத்தை வெட்டியது கி.மு. 1370. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண். எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் முடி, பல், நகம், தோல், கம்பளிச் சட்டை, கயிறுகளாலான குட்டைப் பாவாடை, இடுப்பில் சுருள்கோலம் போட்ட வெண்கல வட்டத்தகடு எல்லாம் இருந்தன. காலடியில் பிர்ச் பட்டையில் செய்த வாளி. அதில் தேன், தானியம், காட்டுப்பழம் கலந்து புளிக்கவைத்த பானத்தின் எச்சம். மாட்டுத்தோலில் சுற்றிய உடலுக்கு அருகில் ‘யாரோ’ (yarrow) என்ற செடியின் பூ ஒன்று கிடந்தது. அது கோடையில் பூப்பது, ஆகவே அடக்கம் நடந்த பருவமும் தெரிந்துவிட்டது. துணிமூட்டையில் ஐந்தாறு வயதுக் குழந்தையின் எரித்த எலும்புகள். வழக்கத்துக்கு நேர்மாறாக எலும்பு அழிந்து துணி பிழைத்ததற்குக் காரணம் மேடு கட்டிய விதத்தில் இருக்கிறது. புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி, நடுப்பகுதியை ஈரமாக வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி இரும்புப்படிவம் ஒரு கெட்டி ஓடாகப் படிந்துவிட, உள்ளே காற்று நுழையவில்லை. புளிப்பு மிகுந்த அந்த நீர் எலும்பைக் கரைத்தது, கம்பளியையும் தோலையும் காத்தது.

2015இல் காரின் ஃப்ரை குழு அவளுடைய பல், முடி, உடைக் கம்பளி ஆகியவற்றில் இருந்த, நிலத்துக்கு நிலம் மாறுபடும் ஸ்ட்ரான்ஷியம் ஓரிடத்தான்களை அளந்தது. அவள் பிறந்தது டென்மார்க்குக்கு வெளியே, ஒருவேளை தென் ஜெர்மனியின் கருங்காட்டில் என்பது அவர்கள் முடிவு. கடைசி இரண்டு ஆண்டுகளில் அங்கும் இங்குமாகப் பயணம் செய்திருக்கிறாள் என்றும் சொன்னார்கள். உலகெங்கும் இந்தச் செய்தி பரவியது. 2019இல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் ஒரு மறுப்பு வைத்தார்கள். வயலில் இடும் சுண்ணாம்பு அந்த வட்டாரத்து நீரின் ஸ்ட்ரான்ஷியம் அளவையே மாற்றிவிட்டது, சுண்ணாம்பு படாத நிலத்தோடு ஒப்பிட்டால் அவள் உள்ளூர்க்காரியாகவே இருக்கலாம் என்றார்கள். ஃப்ரை குழு தன் முடிவைக் காத்து நிற்கிறது. விவாதம் தீரவில்லை. ஆய்வுக்கூட எண் கிடைத்துவிட்டால் கேள்வி முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். அளவீட்டில் யாரும் பிழை சொல்லவில்லை. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சண்டை.

மேட்டின் மண்ணே ஒரு பொருள்தான், அதையும் வாசிக்கலாம். தென் ஜட்லாந்தின் ஸ்கெல்ஹோய் மேட்டை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனமாக அகழ்ந்தபோது, சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பிரித்த பகுதிகளாக அதைக் கட்டியிருந்தது தெரிந்தது. தனித்தனிக் குழுக்கள் தத்தம் பங்கைக் கட்டியிருக்கலாம். அவ்வளவு புல்மண் பெயர்த்தால் பல ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் பாழாகும். இறந்தவர் ஒருவர், அந்த இழப்பை ஏற்றவர்கள் பலர்.

இந்தப் பலரை மிகத் தெளிவாகக் காட்டுவது சைபீரியாவின் அல்தாய் மலை. 1929இல் கிரியாஸ்னோவும், 1947 முதல் 1949 வரை ருதென்கோவும் அகழ்ந்த பசிரிக் குர்கான்கள் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மரக்கட்டைகளால் ஆன அறை, அதன்மேல் கற்குவியல். கொள்ளையர் பழங்காலத்திலேயே துளையிட்டுப் பொன்னை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் துளை வழியே இறங்கிய நீர் உறைந்தது, கற்குவியலின் நிழலில் மீண்டும் உருகவே இல்லை. ருதென்கோ வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பொருள்களை விடுவித்தார். பச்சை குத்திய தோல், கம்பளத்துணியில் செய்த அன்னங்கள், சீனப் பட்டு, நான்கு சக்கர வண்டி, கஞ்சா விதை வறுத்த கலம். ஐந்தாம் குர்கானில், நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள அகலத்தில். கொள்ளையர் மதிப்பற்றதென்று விட்டுப்போனவைதான் இன்று பசிரிக்கின் பெருமை.

முதல் குர்கானில் பத்துக் குதிரைகளையும் புதைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் காதிலும் வெவ்வேறு வெட்டுக்குறி. ஒரே மந்தைக் குதிரைகளாக இருந்தால் குறியும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே இவை வெவ்வேறு குடித்தலைவர்கள் கொண்டுவந்த காணிக்கை என்றார் கிரியாஸ்னோவ். ருஷ்யாவின் துவா பகுதியில் உள்ள அர்ஜான் பெருங்குர்கானில் ஏறத்தாழ 160 குதிரைகளைக் கண்டபோதும் இதே கருத்தைச் சொன்னார். தமிழ்நாட்டில் இழவு வீட்டுக்குக் கோடி கொண்டுபோகும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். சடலத்தின்மேல் விழும் கோடித்துணிகளை எண்ணி இறந்தவரிடம் எத்தனை துணி இருந்தது என்று யாரும் கணக்கிட மாட்டார்கள். சம்பந்தி வீடு, தாய்மாமன் வீடு, கொண்டான் கொடுத்தான் வகை என்று யார் யார் முறை செய்தார்கள் என்பதையே பார்ப்பார்கள். புதைமேட்டுப் பொருள்களில் ஒரு பகுதியையாவது இப்படித்தான் வாசிக்க வேண்டும்.

கோட்பாடாகவும் இந்த வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. 1970களின் தொடக்கத்தில் லூயிஸ் பின்ஃபோர்டும் அவரைச் சார்ந்தவர்களும், ஈமச்சடங்குக்குச் செலவான உழைப்பு இறந்தவரின் சமூக நிலையைக் காட்டும் என்றார்கள். பயனுள்ள கருத்துதான், பல இடங்களில் பொருந்தவும் செய்யும். ஆனால் அதற்கு முன்பே 1969இல் பீட்டர் உக்கோ, கல்லறையில் பொருள் வைத்தாலே மறுமை நம்பிக்கை என்று கொள்ளக் கூடாது என்பதை மானிடவியல் சான்றுகளோடு காட்டியிருந்தார். மைக்கேல் பார்க்கர் பியர்சன் 1982இல் இன்றைய கேம்பிரிட்ஜ் நகரத்து ஈமச்சடங்குகளையே ஆராய்ந்து, செலவுக்கும் செல்வத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது என்றார். ஜோவானா ப்ரூக் வெண்கலக் காலக் கல்லறைப் பொருள்களை உறவுகளின் தடயமாக வாசித்தார். இவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. ஓர் எல்லை உண்டு: புஷ் பாரோவின் பொன்தகட்டை யார் வைத்திருந்தாலும், அத்தகைய பொன்னைச் செய்விக்கவும் மண்ணில் விடவும் முடிந்த ஒரு வட்டம் அங்கே இருந்தது. ஏற்றத்தாழ்வு இருந்ததை மறுக்க முடியாது. கிடந்த அந்த ஒருவரை மட்டும் அரசராக்குவதில்தான் சிக்கல்.

ஆணா பெண்ணா என்பதைப் பொருளை வைத்துத் தீர்மானித்த பழக்கம் அதிகத் தீங்கு செய்தது. ஆயுதம் இருந்தால் ஆண், கண்ணாடியும் மணியும் இருந்தால் பெண். துவாவின் சாரிக் புலூனில் 1988இல் லார்ச் மரப்பெட்டியில் கிடைத்த சிறுவயதுச் சடலத்தோடு கோடரி, வில், அம்புகள் இருந்தன. மணியோ கண்ணாடியோ இல்லை. சிறுவன் என்றே பதிவானது. 2020இல் மரபணு சோதித்தபோது சிறுமி என்று தெரிந்தது. கஜகஸ்தானின் இசிக் குர்கானில் 1969இல் கிடைத்த, ஏறத்தாழ 4,000 பொன்துண்டுகள் தைத்த ஆடையணிந்தவரை ‘பொன்மனிதன்’ என்று நாட்டின் சின்னமாகவே ஆக்கிவிட்டார்கள். அவர் பெண்ணாக இருக்கலாம் என்ற வாதமும் உண்டு. எலும்பு போதிய அளவு மிஞ்சாததால் அது தீரவில்லை. வில்ட்ஷயரில் மண்ணுக்குள் திருப்பிப் போட்ட எலும்புகளை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பொன்னைவிட அவையே இன்று அதிகம் சொல்லியிருக்கும்.

எலும்பு மட்டுமே எவ்வளவு சொல்லும் என்பதற்கு க்ளோஸ்டர்ஷயரின் ஹேசல்டன் நார்த் சான்று. சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கல்மேட்டை 1979 முதல் 1982 வரை அகழ்ந்தார்கள். 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வில், சோதித்த 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறை கொண்ட ஒரே குடும்பம் என்று தெரிந்தது. ஓர் ஆண், அவர் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள், அவர்கள் வழி வந்தவர்கள். அந்தப் பெண்கள் வேறு ஆண்களுக்குப் பெற்ற மகன்களுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. தாயின் வழி, குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். இதைச் சொன்னது பொன்னோ வாளோ இல்லை. எலும்பை இடத்தோடு குறித்துப் பாதுகாத்த அகழாய்வாளர்களின் பொறுமை.

மேட்டுக்குச் சொந்தமான உயிருள்ள மனிதர்களும் இருக்கிறார்கள். 1993இல் அல்தாயின் உகோக் பீடபூமியில் நதாலியா பொலோஸ்மாக் பனிக்குள் ஒரு பெண்ணைக் கண்டார். ஆறு குதிரைகள், உயரமான தலையணி, தோளில் பச்சை குத்திய கற்பனை விலங்கு, சிறு மரமேசையில் இறைச்சி. மேலடுக்கில் பின்னாளில் செய்த அடக்கத்தைக் கொள்ளையடித்தவர்கள் அதோடு நின்றுவிட்டதால் அவள் தப்பினாள். உடலை நோவசிபிர்ஸ்க் கொண்டுபோனார்கள். அல்தாய் மக்கள் தங்கள் மூதாயாக அவளைக் கொண்டாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2003இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தபோது அவளை எடுத்ததே காரணம் என்று பலர் நம்பினார்கள். 2012இல் உடல் கோர்னோ அல்தாய்ஸ்க் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை அதன்பிறகும் ஓயவில்லை. அதை அறியாமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஈமப்பொருள் வைத்தவர்களின் உறவே ஆய்வுப்பொருள் என்று சொல்லிக்கொண்டு, அந்த உறவைத் தங்களுடையதாகக் கருதுபவர்களை வெளியே நிறுத்த முடியாது.

தோண்டாமல் விட்டுவிடுவது பாதுகாப்பு என்ற நிலையும் அல்தாயில் இன்றில்லை. டென்மார்க் 1937இலேயே கண்ணுக்குத் தெரியும் மேடுகள் அனைத்தையும் சட்டத்தால் காத்தது. ஏர் படாமல் தடுத்தால் அங்கே போதும். அல்தாயில் உறைபனியே உருகிக்கொண்டிருக்கிறது. உருகினால் கம்பளியும் தோலும் மரமும் சில ஆண்டுகளில் மட்கிவிடும். யுனெஸ்கோவின் ஆதரவோடு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் அங்குள்ள குர்கான்களைச் செயற்கைக்கோள் படங்களும் களப்பணியும் கொண்டு வரைபடமாக்கத் தொடங்கியது இந்த அச்சத்தில்தான். எந்தக் கற்குவியலின் கீழ் பனி இருக்கிறது, அது எவ்வளவு நாள் தாங்கும் என்று மேலிருந்தே கணித்து வரிசைப்படுத்துவது முதல் வேலை. என் கணிப்பில், அந்த வரிசையில் முதலில் வரும் சில குர்கான்களை மட்டும், அல்தாய் மக்களின் இசைவு பெற்று, உடலை எங்கே வைப்பது என்பதைத் தோண்டும் முன்பே எழுத்தில் முடிவு செய்துகொண்டு அகழலாம். பனி தாங்கும் மற்ற மேடுகளில் நிழல் கொடுத்து வெப்பம் தடுக்கும் வழிகளைப் பார்த்துவிட்டு, கடப்பாறையை வெளியே வைக்கலாம்.